பால் சுறா

திருப்போரூரில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா நெம்மேலிப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். கரையில் இறங்கும்போது அது வெறும் குட்டிச் சுறா. பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் அதுவே பால் சுறா. பூண்டு நிறையப் போட்டுப் புட்டு செய்து கொடுத்தால் தாய்ப்பால் ஊறும் என்பார்கள். ஒரே மீனுக்கு எதற்கு இரண்டு பேர் என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"மீனுக்கு இன்னா தெரியும் அண்ணாத்த? வூட்டப் பாத்து வக்கிற பேருதான்" என்றார்.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். புதன், ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் வாசலில் மட்டும் "பால் சுறா கீதும்மா" என்று குரல் கேட்கும். குழந்தை பதினேழாம் நாள் இறந்துபோனது. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினோம், வெறுங்கையோடு திரும்பினோம்.

சிறுசேரிக்கு ஆபீஸ் வேன் ஓட்டுகிறவன் நான். புதன்கிழமை காலை டிரிப்பை முடித்துவிட்டு நேராகத் தெருமுனையில் வந்து நின்றேன். வேறெதையும் யோசிக்கத் தெம்பில்லை. அந்தக் குரல் மகள் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

"உங்க வூட்டுக்குன்னு தனியா எடுத்து வச்சிகீறேன்" என்று கூடையை இறக்கப் போனார். செத்துப்போச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இனிமே வெறும் சுறாவே போதும்மா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். கூடைமேல் துணியை இழுத்து மூடினார்.

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம."

அன்று எங்கள் தெருவில் எந்த மீனின் பேரையும் கூவாமல் நடந்து போனார். பாரம் இறங்கியது போலிருந்தது. வீட்டுக்குப் போய், வெட்கமில்லாமல், அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

மறுநாள் கூடையில்லாமல் வந்தார், தலைக்குக் குளித்து. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த என் மனைவியை எழுப்பி, இலையில் மடித்த உதிரி மல்லிகையைக் கையில் வைத்தார்.

"பொண்ணு மாருல வச்சி இறுக்கிக் கட்டிவுடு. பால் கட்டிக்கினா புள்ள துடிச்சிப்பூடும். இது வத்த வச்சிடும்."

நான்கு நாளாக மகள் நனைந்த நைட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு என் கண்முன்னால்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். ஏன் எந்நேரமும் துண்டு என்று நான் கேட்கவேயில்லை.