இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டி

ஜெயபிரியாவிடம் ஒருமுறை போனில் புகார் சொன்னவர்கள் மறுமுறை அவளுடைய முதலாளியைத்தான் தேடுவார்கள். அவ்வளவு நல்ல வாய். இலஞ்சியில் நெல் விதைத்த குடும்பம். அவளுக்கு வாய்த்தது தென்காசியில் ஒரு மின்சாமான் கடையின் மாடி. வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போனில் ஓட்டி நிறுத்தும் பெட்டிகளை அங்கே வைத்து விற்கிறார் சங்கரபாண்டி. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு, கரண்ட் போனாலும் தாங்கச் சின்ன பேட்டரி. பெட்டி சர்வரோடு இணைப்புப் போட்டுக் காத்திருக்கும். விவசாயி போனைத் தட்டினால் சர்வர் பெட்டியிடம் சொல்லும், மோட்டார் ஓடும். அந்த சர்வர் புரோகிராமை சி மொழியில் எழுதியவள் ஜெயபிரியா. ஐந்து வருஷமாக ஒற்றை ஆள். அதில் பிழை என்று யாராவது சொன்னால், சொன்னவர் வீட்டு வயரைத்தான் முதலில் சந்தேகிப்பாள்.

தை பிறந்த பிறகு வீரகேரளம்புதூரிலிருந்து பேச்சிராஜ் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். 212-ஆம் பெட்டி வேலை செய்யவில்லை என்பார். அவள் சர்வரை ரீஸ்டார்ட் செய்வாள். "இப்பப் பாருங்க." ஓடும். போனை வைத்துவிடுவாள். இடையில் இரண்டு தடவை அவருடைய அண்ணன் பிச்சைமணியும் இதே பெட்டிக்குக் கூப்பிட்டார். அவருக்கும் அதே வைத்தியம்.

நான்காவது தடவை பேச்சிராஜ் முதலாளிக்கே அடித்தார்.

"நேர்ல போயிட்டு வா," என்றார் சங்கரபாண்டி. "பெட்டிய உடைச்சிருவேங்கான்."

"உடைக்கட்டும். என் கோட்ல ஒரு தப்பும் கெடையாது."

"அதையும் அவன்கிட்ட நேர்ல சொல்லிட்டு வா."

அவள் ஸ்கூட்டரை நிறுத்தியபோது பேச்சிராஜ் மோட்டார் ரூம் வாசலில் கடப்பாரையோடு நின்றார். பொதுக் கிணறு, ஒரே மோட்டார், ஒரே பெட்டி. அண்ணனுக்கு ஒருநாள், தம்பிக்கு ஒருநாள் முறை. எட்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. மும்முனைக் கரண்ட் ஒன்பதிலிருந்து மூன்றுவரைதான். மணி பத்தேகால் ஆகியிருந்தது.

"வா புள்ள. இத வாசி." போனை நீட்டினார். 'பெட்டி வேறு இணைப்பில் உள்ளது.' அவள் எழுதிய வாசகம். "வேற இணைப்புன்னா யாரு? அவன்தான! வீட்ல இருந்துகிட்டே பிடிச்சு வச்சிருக்கான். நெல்லு பொதி கட்டி நிக்கி. இன்னைக்கும் தண்ணி பாயலைன்னா அம்புட்டும் பதருதான். ஓட்டி விடு."

"ஓட்டி விட்டா நாலு நாள்ல மறுபடியும் கூப்பிடுவீங்க. என்னன்னு பாக்கணும். சும்மா இருங்க."

"என் பயிரு காயுது, நீ சும்மா இருங்கியே!"

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் லேப்டாப்பை வைத்து, அவள் சர்வருக்குள் போனாள். பெட்டி ஒழுங்காகத்தான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. சர்வர்தான் விரட்டியது. 212 என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் இணைப்பு உள்ளே இருந்தது. நேற்றுக் காலை 9:04-க்கு வந்தது. பகல் 2:51-க்குக் கடைசியாகப் பேசியது. அதற்குப்பின் ஒரு சொல் இல்லை, ஆனாலும் அறுபடவில்லை.

நேற்று அண்ணனின் முறை.

"நீங்க சொல்லுததும் சரிதான் போல அண்ணாச்சி," என்று வாய்விட்டுச் சொன்னாள். "அவரு இணைப்பு உள்ளதான் இருக்கு."

சொல்லியிருக்கக் கூடாது. கடப்பாரை தோளுக்கு ஏறியது. அடுத்த வரப்பில் பிச்சைமணி வந்துகொண்டிருந்தார்.

"ஏலே, யாருக்குலே கடப்பாரையக் காட்டுத?" பிறகு தம்பியை விட்டு அவளைப் பார்த்தார். "தாயி, நான் எங்கன பிடிச்சு வச்சிருக்கேன்? என் சிம்மு இந்தா!"

சட்டைப் பையிலிருந்து மடித்த பஸ் டிக்கெட்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே சிம் கார்டு.

"இது எதுக்கு வெளிய இருக்கு?"

"முறை முடிஞ்சா கழத்திருவேன். என் நெட்டுல அவன் எதுக்குத் தண்ணி பாய்ச்சணும்?"

"அவன் நெட்டு எவனுக்கு வேணும்?" என்றார் பேச்சிராஜ். "நானும் என்னதக் கழத்திருவேன்."

ஜெயபிரியா சிம்மைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பஸ் டிக்கெட்டுக்குள் கிடக்கிற சிம், பெட்டிக்குள் இருந்து இணைப்பில் இருப்பதாக அவள் புரோகிராம் சாதித்துக்கொண்டிருந்தது.

ஒழுங்காக முடிகிற இணைப்பு, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும். சிம்மைப் பிடுங்கினால் பெட்டிக்கு அதைச் சொல்ல வழி இல்லை. சில இரவுகளில் செல்போன் கம்பெனியே பழைய இணைப்பை அறுத்துவிடும்; அறுக்காத நாளில் சர்வர் காத்துக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் அவள் பெட்டியை எத்தனையோ விதமாகச் சோதித்திருக்கிறாள். ஓடும்போது சிம்மைப் பிடுங்கிப் பார்த்ததில்லை. எவன் பிடுங்குவான்? முன்பெல்லாம் புதிய இணைப்பு வந்தால் பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒரே எண்ணில் இரண்டாவது வந்தால் விரட்டு என்று போன மாதம் நான்கு வரி சேர்த்தது அவள்தான். அதைப் பற்றிச் சங்கரபாண்டியிடம் பெருமையும் அடித்திருந்தாள்.

வரிகளை மாற்றினாள். புதியது வந்தால் பழையதை மூடு, புதியதை எடு. சர்வரில் ஏற்றியபோது பதினொன்றே முக்கால். பேச்சிராஜ் போனைத் தட்டினார். மோட்டார் உறுமியது, குழாய் இரண்டுமுறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது.

வழக்கம்போல 'சரியாயிட்டு' என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். கடப்பாரை இன்னும் அவர் கையில் இருந்தது.

"அவரு ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. தப்பு நான் எழுதுனதுல."

பேச்சிராஜ் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார்.

"போன வாரம் அவன் மகளுக்கு நிச்சயம். போவோம்னு சட்டையத் தேச்சு வச்சிருந்தேன். அன்னைக்குக் காலையிலதான் இது நின்னுச்சு. போகல. அதையும் ரீஸ்டார்ட் பண்ணுவியா?"



"வராததே நல்லது தாயி," என்றார் பிச்சைமணி. "வந்திருந்தா சாம்பார்ல குத்தம் சொல்லிருப்பான்." சொல்லிவிட்டும் அவர் போகவில்லை. "ஆனா நான் கூப்பிட்ட ரெண்டு தடவையும் நீ போன்ல என்னத்தப் பாத்த?"

"கேளு, நல்லாக் கேளு," என்றார் பேச்சிராஜ், கிணற்றைப் பார்த்து.

இருவருமாக அவளைத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டாள். ஆனால் வேலை முடியவில்லை. புரோகிராமை மாற்றி ஏற்றியதே ஒரு ரீஸ்டார்ட்தான்; பழைய இணைப்புகள் எல்லாம் அதிலேயே அறுந்துவிடும். தண்ணீர் வந்தது அதனாலா, புது வரிகளாலா என்று தெரியாது. சிம்மை மாற்றிப் பார்க்க வேண்டும்.

"அண்ணாச்சி, உங்க சிம்ம ஒரு நிமிசம் போடுங்க."

"இன்னைக்கு என் முறை இல்ல," என்றார் பிச்சைமணி.

"மோட்டார நிறுத்துன, பாத்துக்க," என்றார் பேச்சிராஜ்.

மூன்று மணிவரை வெயிலில் உட்கார்ந்தாள். யாரும் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. தொட்டியில் அள்ளிக் குடித்தாள். கரண்ட் போனது. பேச்சிராஜ் சிம்மைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். திரையில் 212 இன்னும் உயிரோடு இருந்தது. அவள் தன் போனிலிருந்த இரண்டு சிம்களில் ஒன்றைக் கழற்றிப் பெட்டிக்குள் செருகிக் காத்திருந்தாள். ஒரு நிமிஷம் ஆனது. பழையது மூடப்பட்டது, புதியது உள்ளே வந்தது.

"சரியாயிட்டு," என்றாள்.

"சரி," என்றார் பிச்சைமணி. "உன் சிம்மக் கழத்திட்டுப் போ. நாளைக்கு என் முறை."