பனிக்குள் தடுத்த பந்து

குமுளியில் கம்பம் பஸ் ஏறி, போனில் பேசி முடித்தேன். குரலைக் கேட்ட பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னையே பார்த்தார்.

"சார், ரேடியோவுல பந்தாட்டம் சொன்னவருதான?"

டி.வி.யில் வர்ணனை சொன்னதற்குப் பயமில்லை. அங்கே படம் சாட்சி. ரேடியோவில் என் வாய்தான் சாட்சி.

எழுபதுகளில் ஏலப்பாறை எஸ்டேட் கால்பந்து ஃபைனல். பனி இறங்கி மைதானமே மறைந்துவிட்டது. நேரடி ஒலிபரப்பில் வாயை மூட முடியுமா? கூட்டம் கத்தியதும் "கீப்பர் தடுத்துவிட்டார்" என்றேன். பனி விலகினால் பந்து வலைக்குள் கிடக்கிறது. தடுத்துத் திரும்பி வந்த பந்தை மறுபடி அடித்து கோல் என்று சமாளித்தேன். வேலை போய்விடும் என்று வருடக்கணக்கில் பயந்தேன்.

"அந்த கீப்பர் நான்தான் சார்."

முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பந்த நான் தொடவே இல்ல. ஆனா ரேடியோவக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரி என்னையக் கட்டச் சம்மதிச்சா. முன் சீட்டுல இருக்கா. காட்டிக் குடுத்துறாதீங்க."

அந்த அம்மா திரும்பினார். "அன்னைக்கு எப்படித் தடுத்தாருன்னு ஒருக்கச் சொல்லுங்க சார்."

பஸ் பாதி மலைகூட இறங்கவில்லை. போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் பாய்ந்தார் என்றேனா, வலது பக்கமா? எனக்கு நினைவில்லை, அந்த அம்மாவுக்கு இருக்கும்.

அன்று ரேடியோ கேட்டவர்கள் யாராவது இருந்தால் சீக்கிரம் எழுதுங்கள்.