ஒளிவேகமும் அவர் மச்சானும்

அந்த பஸ் டிரைவருக்கு 'ஒளிவேகம்' என்று பெயர் வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஊரில் அவரைப்போல மெதுவாக பஸ் ஓட்டுகிறவர் யாரும் இல்லை. அவர் பின்னால் மாட்டிக்கொண்டால் ஆமைகூட ஹாரன் அடிக்கும் என்பார்கள். அதே மனிதர்தான், ஒளியைவிட வேகமாக மனிதன் ஒருநாள் விண்வெளியில் போவான் என்று டிப்போ கேன்டீனில் மேசையைத் தட்டி வாதாடுவார்.

எந்தப் பயணியோ சீட்டில் விட்டுப்போன ஓர் அறிவியல் பத்திரிகையில் தொடங்கியது அந்தப் பைத்தியம். பக்கத்து நட்சத்திரத்திலிருந்து ஒளி வந்து சேரவே நாலு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"இவ்ளோ பெரிய வீட்டைக் கட்டிட்டு, அடுத்த ரூமுக்குப் போகவே ஆயுசு பத்தாதுன்னா, அப்புறம் எதுக்குய்யா கட்டினது?"

"எந்தப் பொருளும் ஒளியை முந்தாதுன்னு சட்டமே இருக்காம் ஒளிவேகம்" என்று மெக்கானிக்குகள் சீண்டுவார்கள்.

"வண்டி ஏன்யா ஓடணும்? ரோடு ஓடட்டும். முன்னாடி இருக்கிற ரோடு சுருங்கட்டும், பின்னாடி இருக்கிறது நீளட்டும். வண்டி நடுவுல தேமேன்னு நிக்கும். ஸ்பீடு லிமிட் வண்டிக்குத்தான், ரோட்டுக்கு இல்ல!"

எல்லோரும் சிரிக்கும்போது ஒரு குரல் மட்டும் அவர் பக்கம் ஒலிக்கும். "கரெக்ட் மாமா!" அது அவர் மனைவியின் தம்பி. அதே பஸ்ஸின் கண்டக்டர். சேர்ந்து வேலைக்குப் போவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். ஊரே எதிர்த்தாலும் மச்சான் இருக்கிறான் என்ற தெம்பில்தான் அவர் மேசையைத் தட்டினார்.

வண்டியிலும் அப்படித்தான். கூட்டத்தில் பின்படி கண்ணாடியில் தெரியாது. மற்ற டிரைவர்கள் கழுத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவார்கள். இவர் திரும்பியதே இல்லை. ரெண்டு விசில் வந்தால் வண்டி நகரும். "அவன் பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்பார்.

ஒரு மத்தியானம், கடைசி ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மச்சான், ஒரே ஒரு இடத்துல இடிக்குதுடா. ஒளிய முந்திட்டா, சில பேர் கணக்குப்படி கிளம்புறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்த மாதிரி ஆயிடுமாம். அதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்ல. வெளியில சொல்லிடாத."

"நான் யார்கிட்ட மாமா சொல்லப்போறேன்?"

அப்புறம் நூலகத்தில் அந்த விவாதம் வந்தது. 'ஒளியை மிஞ்சிய பயணம் முடியுமா, முடியாதா?' 'முடியும்' என்ற பக்கத்துக்குத் தன் பெயரையும் மச்சான் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார் டிரைவர். ஞாயிறு காலை, கல்யாணத்துக்குப் போகிறவரைப் போலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மேடையேறிப் பார்த்தால், எதிர்ப்பக்க பெஞ்சில் அறிவியல் டீச்சருக்குப் பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தான். தெரியாமல் மாறி உட்கார்ந்துவிட்டான் என்றுதான் அவர் நினைத்தார்.

"டேய், இந்தப் பக்கம்டா" என்று கிசுகிசுத்தார். மச்சான் தண்ணீர் பாட்டிலின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து நாற்காலி காலியாக இருக்க, டிரைவர் தனியாகவே பேசினார். நன்றாகவே பேசினார். சுருங்கும் ரோட்டுக்குக் கைதட்டல் கிடைத்தது. அடுத்து டீச்சர் எழுந்தார். "காகிதத்துல கணக்கு வருது சார். ஆனா அதுக்கு வேணுங்கிற மாதிரி சக்தியை அந்த அளவுக்கு யாரும் கண்ணால பார்த்ததில்லையே" என்றார். டிரைவர் ரசித்துத் தலையாட்டினார். எதிராளி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பிறகு மச்சான் எழுந்தான்.

"எங்க டிரைவர் விண்வெளியில பஸ் விட்டா, கஷ்டம் எனக்குத்தான். ஏறுறதுக்கு முன்னாடியே பாசஞ்சர் இறங்கிடுவார். நான் டிக்கெட்டை யார்கிட்ட நீட்டுறது?"

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள்.

"இதுக்கு மட்டும் அவரைப் பதில் சொல்லச் சொல்லுங்க. நான் இப்பவே அந்த நாற்காலிக்கு வந்துடறேன்."

பதில் இல்லை என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மறுப்புரைக்கு அழைத்தபோது டிரைவர் எழுந்தார், மைக்கைச் சரிசெய்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாடிப்படியில் மச்சான் ஓடிவந்து பிடித்தான். "மாமா, அந்தப் பக்கம் ஒரு ஆள் வரலன்னு லைப்ரரி மேடம் கெஞ்சினாங்க. சும்மா தமாஷுக்குத்தான்."

"தமாஷ் சரி. இத்தனை வருஷம் சொன்னியே, கரெக்ட் மாமா, கரெக்ட் மாமான்னு. அது?"

அவன் கைப்பிடிச் சுவரைத் தடவினான். "அக்காதான் சொன்னா. எதிர்த்துப் பேசினா நீங்க நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்களாம். ஆமாம்னு சொல்லிட்டுப் போடான்னா."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதும், மறைக்கக்கூடத் தோன்றாமல் சொன்னாள்: "ஆமா, நான்தான் சொன்னேன். நல்லதுக்குத்தானே? நீங்களும் சந்தோஷமாத்தானே இருந்தீங்க?"

"தோத்ததுக்கு வருத்தமில்ல. அவன் அன்னைக்கே என்கூட சண்டை போட்டிருந்தா, அந்தக் கேள்விக்கு நானும் ஒரு பதிலைத் தேடியிருப்பேன். ரெண்டு பேரா நின்னு பேசுறோம்னு நெனச்சேன். நான் மட்டுந்தான் பேசிட்டு இருந்திருக்கேன்."

"இதுக்குப் போயா இவ்ளோ?" என்று அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

மறுநாள் மச்சான் எதுவுமே நடக்காதவன் போலத் தோள்பையை மாட்டிக்கொண்டு ஏறினான். பஸ் நிறைந்தது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ரெண்டு விசில்.

வண்டி நகரவில்லை.

"என்ன ஒளிவேகம், ரோடு வந்து சேரட்டும்னு காத்திருக்கீங்களா?" என்று முன்சீட்டுக்காரர் கேட்க, பஸ்ஸே சிரித்தது.

டிரைவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். சீட்டிலேயே முழுதாகத் திரும்பி, கம்பியைப் பிடித்து எழும்பி, நின்றவர்களின் தலைகளுக்கு நடுவே பின்படியைப் பார்த்தார். படி காலியாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. "மாமா, ரெண்டு விசில் குடுத்தேனே!"

"கேட்டுச்சு, கண்டக்டர்" என்றார்.

கியர் போட்டார். அடுத்த ஸ்டாப்பிலும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.