உப்பு மட்டும் பார்த்துச் சொல்லுங்க

நெமிலிச்சேரியில் எங்களைப் போல வயதானவர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் மாலை வகுப்பு ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் தெருக்களுக்குள் புகுந்தபோது வகுப்பு நின்றது. கூடம் மேட்டில் இருந்ததால் அங்கேயே சமைத்து வீடு வீடாகக் கொடுத்தோம்.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் கன்னியம்மா அக்காவோடு பொட்டலம் தூக்க மட்டும் போனேன்.

ஒரு மாடி வீட்டில் பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். சர்க்கரை நோயாளி, நேற்றிலிருந்து அடுப்பு எரியவில்லை என்று கீழ்வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"வேற யாருக்காவது கொடுங்கம்மா. வாங்கிச் சாப்பிட்டுப் பழக்கமில்ல."

"இன்னா சார் நீ, சோத்தாண்ட போயி கோச்சிக்கினு..." என்றார் அக்கா.

அவர் கதவை மூடத் தொடங்கினார். என்னை அறியாமல் வாய் திறந்தது.

"சார், அடுத்த அண்டா அடுப்புல இருக்கு. இதுல உப்பு சரியான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

அக்கா உடனே, "ஆமா சார், இவ போட்ட உப்பு. நம்ப முடியாது" என்றார்.

அவர் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, நின்றபடியே ஒரு வாய் எடுத்தார். பிறகு இன்னொன்று. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டார்.

"கொஞ்சம் கம்மி" என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. "போட்டுடறோம் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினோம்.

இப்போதெல்லாம் யாருக்காவது எதையாவது கொடுக்கப் போனால், அவரிடம் ஒரு சின்ன உதவியும் கேட்டுவிடுகிறேன்.