நான்காவது ஸ்குரூ

மூன்று ஸ்குரூவை முடுக்கியதும் சபாபதி ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார். டார்ச் அடித்துக்கொண்டிருந்த மகள் அருள்மொழிக்கு எரிச்சல். சென்னையில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் அவள். சுவிட்ச் பலகையின் நாலாவது ஓட்டை காலியாக இருந்தது கண்ணை உறுத்தியது.

“ஒரு நிமிஷ வேலைப்பா.”

“அதனாலதான் வெக்கிறேன். நாளைக்கு எழுந்திருக்க ஒரு வேல வேணும்ல?”

மிஞ்சிய ஸ்குரூவைத் தலைமாட்டு அலமாரியில் வைத்தார். அருள்மொழி அன்றைக்கே பஸ் ஏறினாள்.

மஞ்சக்குப்பத்து வீட்டில் இரண்டு வருடமாக இதுதான் வழக்கம். மனைவி சௌந்தரத்தின் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் படுத்தவர், ஒன்பது நாள் சரியாக எழவில்லை. பத்தாம் நாள், வாளியில் ஊறப்போட்டு மறந்த வேட்டி நாற்றமெடுத்தது. எழுந்து அலசினார். எழுந்த கையோடு டீ போட்டார், முகச்சவரம் செய்துகொண்டார். அன்றிலிருந்து சாயங்காலமானால் எதையாவது வேண்டுமென்றே மிச்சம் வைப்பார். சட்டைக்கு இஸ்திரி போட்டால் ஒரு கை பாக்கி. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் செம்பருத்தி பாக்கி.

“அது என்ன பாவம் பண்ணிச்சு மாமா?” பக்கத்து வீட்டுக் கலைமணி மதிலுக்கு மேலாகக் கேட்பாள்.

“காலையில என்னைத் திட்டி எழுப்ப ஒரு ஆள் வேணாமா? அதான் காயப்போட்டு வெச்சிருக்கேன்.”

மிச்சம் வைக்க எதுவும் அகப்படாத நாளுக்கென்று மிக்ஸி ஜார் இருந்தது. சௌந்தரமும் அவருமாகச் சிதம்பரம் மேல வீதிக் கடையில் பிளேடு மாற்றக் கொடுத்தது. கடைக்காரர் தேவசகாயம் போன் செய்யும்போதெல்லாம், “அடுத்த வாரம் வரேன்” என்பார் சபாபதி. போனதே இல்லை.

அருள்மொழி ஊருக்குப் போன மறுநாள் காலை, ஸ்குரூ வைத்த இடத்தில் இருந்தது. அவர் எழவில்லை.

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், அவர் கட்டிலில் படுத்திருந்த அருள்மொழியும் எழவில்லை. பத்து மணிக்கு மேல் தலையைத் திருப்பியபோது ஸ்குரூ கண்ணில் பட்டது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிறகு எழுந்து, ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முடுக்கினாள். டீ போட்டாள்.

மத்தியானம் அப்பாவின் போன் அடித்தது. தேவசகாயம்.

“சார், ஜாரு தூசி படியுது. எப்பதான் வருவீங்க?”

விஷயத்தைச் சொன்னாள்.

“பஸ்ல குடுத்தனுப்பட்டுமாம்மா?”

“வேணாங்க. நானே வரேன்.”

“எப்பம்மா?”

“அடுத்த வாரம்.”

ஜாருக்குக் கடையில் கொடுத்த ரசீதைத் தேடி எடுத்தாள். ஸ்குரூ இருந்த இடத்தில் வைத்தாள்.