சுத்த ஜலம்

போன மாதம் என் செல்போனின் முதுகு மெல்லப் புடைத்துக்கொண்டு வந்தது. கட்டைவிரலால் அமுக்கிச் சரிசெய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் ஓடிவந்து பிடுங்கினாள்.

"அமுக்காதீங்கோப்பா! பேட்டரி உப்பியிருக்கு, தீப்பிடிச்சுக்கும். ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டுத் தலகாணிக்கு அடியிலயா வெச்சுப்பேள்? அந்தச் சூடு எங்க போகும்?"

போனை அணைத்து, பால்கனியில் வெறும் சிமெண்டுத் தரையில் தனியாக வைத்தாள். மறுநாள் கடையில் பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டு வேறு போட்டுக்கொண்டு வந்தாள். ராத்திரி முழுக்க ஏற்றினால் அதற்கு நல்லது என்று நினைத்தேன் என்றேன். நல்லது என்று நினைத்து நான் கெடுத்த பேட்டரி இது முதலாவது அல்ல.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருந்த காலம். சித்தப்பா ஒரு வாடகைக் கார் வைத்திருந்தார். நான் ஹாரனைத் தொட்டாலே காதைத் திருகுவார். சித்தி ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வெகுநாள் காத்திருந்தாள். ஒருவழியாகத் துறையூரில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. காரிலேயே கூட்டிப்போவதாகச் சித்தப்பா சொன்னார்.

அதற்கு ஒரு வாரம் முன்பு அவர் காரின் பானெட்டைத் திறந்து பேட்டரியை எட்டிப்பார்த்தார். "ஜலம் குறைஞ்சிருக்கு. இதுக்குச் சுத்த ஜலம்தான் விடணும். கண்ட தண்ணியை விட்டா செத்துப்போயிடும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, வெளியே போனவர் அதை மறந்தும் போனார்.

எனக்கு மறக்கவில்லை. பெருமாள் அறையில் செப்புச் சொம்பில் காவேரித் தீர்த்தம் இருந்தது. துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்டது. இதைவிடச் சுத்தமான ஜலம் லோகத்திலேயே கிடையாது என்று அம்மா தினமும் சொல்லித்தான் என் உள்ளங்கையில் விடுவாள். எல்லாரும் கண்ணயர்ந்த ஒரு மதியம், பேட்டரியின் மூடிகளைத் திருகி, ஒவ்வொரு துளையிலும் வழியவழிய விட்டேன். பக்தியோடுதான் விட்டேன். அந்த வாரம் சவாரி எதுவும் வராததால் கார் வாசலிலேயே நின்றது.

நேர்காணல் அன்று காலை வண்டி முனகக்கூட இல்லை. அக்கம்பக்கத்தார் கூடிச் சித்திரை வீதியில் பாதித் தூரம் தள்ளினார்கள். "ஓய், தேர்கூட இதைவிடச் சீக்கிரம் நகருமே!" என்று எதிர்வீட்டு மாமா மூச்சிரைக்கக் கத்தினார். கார் கிளம்பவில்லை.

சித்தி கைப்பையோடு நடுத்தெருவில் நின்றாள். "நான் பஸ்லயே போயிடறேனே. இன்னும் நேரம் இருக்கு."

"கார் வெச்சுண்டு ஆம்படையாளை பஸ்ல ஏத்திவிட்டான்னு ஊர் சிரிக்கணுமா?" என்றார் சித்தப்பா.

பிறகு பேட்டரியின் ஒரு மூடியைக் கழற்றினார். உள்ளே கறுத்துச் சுருண்டு ஒரு துளசி இலை மிதந்தது. நான் முன்னால் போய், தீர்த்தம் விட்டது நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். காதைத் திருகுவார் என்று அம்மா பயந்தாள். சித்தப்பா தெருவே அதிரச் சிரித்தார். "பெருமாளுக்கே இஷ்டமில்லை, பார்த்தியா!" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். வீதி முழுக்கச் சிரித்தது. பெருமாளுக்கே வேலை செய்தவன் போல் நான் தோளில் உட்கார்ந்திருந்தேன்.

பாழானது அவர் பிழைப்புக்கான பேட்டரி. அதற்கு ஏன் அவருக்குக் கோபம் வரவில்லை என்று நான் யோசிக்கவில்லை. பெரியவனாகி, கல்லூரியில் படித்து, வேலைக்குப் போன பிறகும் கல்யாண வீடுகளில் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். கதை தொடங்கும்போதெல்லாம் சித்திக்கு உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும். வேறு பள்ளிக்கூடம் எதற்கும் அவள் போகவில்லை. சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றியபோது அவள் இல்லை.

கார் கிளம்பாத அன்று மதியம் எனக்கு நல்ல சந்தோஷம். சித்தி வீட்டில்தான் இருந்தாள். தீர்த்தம் விட்டபோது பேட்டரி அமிலம் தெறித்து என் டிராயரில் பொத்தல் பொத்தலாக விழுந்திருந்ததைப் பார்த்து, கழற்றிக் கொடுக்கச் சொன்னாள். துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றேன். நேர்காணலுக்கென்று கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்து, காலையில் கட்டிய புடவையை அவள் இன்னும் மாற்றவில்லை. சாயங்காலம் விளக்கேற்றும்வரை அதிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தலாகத் தைத்தாள். அந்தப் புடவை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.