காளியம்மாவின் பத்திரத்தில் தினேஸ்வரி

தினேஸ்வரி வாங்கியவை இவை. 1998-இல் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டுச் சோதனையில் ஏழு பாடத்திலும் ஏ. அந்த வருடம் அந்த வகுப்பில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். 2003-இல் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்., ஒன்பது பாடத்தில் எட்டு ஏ. வயது கூடிவிட்டது என்று ஆறாம் படிவத்தில் சேர்க்கவில்லை. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் நின்றுகொண்டே அந்தப் படிவத்தின் தேர்வான எஸ்.டி.பி.எம்.-ஐத் தனியாகப் பணம் கட்டி எழுதித் தேறினாள். 2011-இல் தடய அறிவியலில் பட்டம். 2022-இல் டாக்டர் பட்டம். கைரேகை ஒத்துப்போகிறது என்று ஒரு நிபுணர் சொன்னால் நீதிமன்றம் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

இந்தச் சான்றிதழ்கள் எல்லாம் அவளுடைய அக்கா மங்களத்திடம் இருக்கின்றன. தேதிவாரியாக, ஒன்றுக்கொரு பிளாஸ்டிக் உறை. மங்களம் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. கையுறையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஊசிமுனை அளவு ஓட்டையாவது தெரிகிறதா என்று இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சான்றிதழ்களில் தங்கையின் பெயர் காளியம்மா. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இருந்தவர்கள் அந்த எஸ்டேட்டில் பாதிப் பேர். அதனால் யாரும் காரணம் கேட்டதில்லை. தினேஸ்வரியும் கேட்டதில்லை.

2024 மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. புந்தோங்கில் மங்களத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு தினேஸ்வரி ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டர் பட்டம் முடித்தவர்களுக்கு வெளிநாட்டில் இரண்டு வருட ஆய்வு, சம்பளத்தோடு. குற்றவியல் நீதி, அறிவியல், சட்டம் மூன்றும் சேர்ந்த துறை. அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது போலவே ஒரு வேலை. அவளுக்கென்றே போட்டது போல இருந்தது. மனுவுக்கு அந்த மாதம் முப்பத்தொன்று கடைசி நாள்.

"முடிஞ்சிருச்சு லா," என்று கணினியை மூடினாள்.

"அனுப்பிட்டியா?"

"இல்லக்கா. நாப்பது வயசுக்குள்ள இருக்கணுமாம். எனக்குப் போன மாசம் அஞ்சாந்தேதியோட நாப்பது ஆயிருச்சு. நாலு வாரம் பிந்திட்டேன்."

மங்களம் கையில் இருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தாள். முப்பத்தொரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை, தங்கைக்கு உதவும் என்று நம்பி அன்று சொன்னாள்.

"ஒனக்கு நாப்பது ஆகல தினேசு. முப்பத்தேழுதான்."

காளியம்மா என்பது இவளுக்கு முன் பிறந்த பிள்ளை. 1984 பிப்ரவரி ஐந்தில் பிறந்து, பதினோரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அந்தச் சாவை, இப்போது உயிரோடு இல்லாத அம்மா செல்லாயி யாரிடமும் பதியவில்லை. 1986 நவம்பர் மூன்றாம் தேதி எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்த தினேஸ்வரியின் பிறப்பையும் பதியவில்லை. பெயர் பதிய தாப்பா டவுனுக்குப் போகவேண்டும், ஒரு நாள் ரப்பர் பால்வெட்டுக் கூலி போகும். இன்று நாளை என்று தள்ளி, பிறகு தாமதமாகிவிட்டதே என்ற பயத்தில் விட்டுவிட்டாள். செத்த பிள்ளையின் பத்திரத்தை அடுத்த பிள்ளைக்கு வைத்துக்கொள்வது லயத்தில் அவள் ஒருத்தி மட்டும் செய்த காரியமும் இல்லை.

பள்ளியில் சேர்க்கும்போது அந்தப் பத்திரத்தை எடுத்துப்போனவள் பதினான்கு வயது மங்களம்.

"பள்ளிக்கூடத்துப் பெரியய்யா ஒன்னைய ஏற எறங்கப் பாத்தாரு. ஒம்பது வயசுப் புள்ள இவ்ளோ சின்னதா இருக்குதேன்னாரு. சாப்பாடு பத்தலைங்க ஐயான்னு சொன்னேன். சேத்துக்கிட்டாரு."

தினேஸ்வரி சிரிக்கவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தாள். பிரசவம் பார்த்தது யார்? எஸ்டேட் டிஸ்பென்சரி ஆயா. இருக்கிறாளா? இல்லை. பதிவுப் புத்தகம்? டிஸ்பென்சரியே இல்லை. காளியம்மாவைப் புதைத்த இடம்? அங்கே செம்பனை மரம் நட்டாயிற்று.

"ரத்தம் எடுத்துப் பாக்கலாம்ல? அதெல்லாம் நீதான படிச்ச."

"பாத்தா நாம அக்கா தங்கச்சின்னு சொல்லும். எந்தத் தங்கச்சின்னு சொல்லாது."

மங்களத்துக்கு அது புரிய சற்று நேரமானது. புரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப விடு. நான் சொன்னதா நெனைக்காத. வேற எடத்துக்கு எழுதிப் போடு, வயசு கேக்காத எடமா."

"அங்கயும் எழுதினது எல்லாம் உண்மைன்னு ஒரு கட்டத்துல டிக் பண்ணச் சொல்லுவான். கோர்ட்டுக்குச் சாட்சியாப் போனாலும் மொதக் கேள்வி பேரு, வயசு. நேத்து வரைக்கும் தெரியாமச் சொன்னேன். இனிமே தெரிஞ்சே எப்பிடிக்கா சொல்றது?"

"படிச்ச சட்டிஃபிகேட்டு?"

"எல்லாம் அந்தப் புள்ள பேர்ல இருக்கு."

பதினொரு நாள் கழித்து இருவரும் ஈப்போ பழைய டவுனில், சத்தியப் பிரமாண ஆணையர் ஜைனுலாப்தீனின் மாடி அறைக்குப் போனார்கள். தினேஸ்வரி எழுதி வந்த வாக்குமூலத்தின் இரண்டு பக்கத்தையும் அவர் படித்தார். மங்களத்தின் பங்கு தனித் தாளில் இருந்தது. நடந்ததைத் தேதியோடு அவளே எழுதியிருந்தாள்.

"ஏம்மா, யாரும் கேக்கலையே," என்றார். "இத வெளியில குடுத்தா ஐசி கார்டு நின்னு போகும். தங்கச்சி வேலை போகும். ஒங்களையும் கூப்புட்டு விசாரிப்பாங்க."

"தெரியும் பாய்," என்றாள் தினேஸ்வரி.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

வேண்டாம் என்று சொல்லத்தான் மங்களம் வந்திருந்தாள். பேருந்தில் முழுக்க அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அந்த அறையில் தன் தாளை ஒரு முறை பார்த்தாள். "எழுதியிருக்கறது சரிதான் பாய்," என்றாள்.

தாள்களைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்ததும் அவர் சொன்னபடியே நடந்தது. மனுவுக்கான கடைசி நாள் போனது. தினேஸ்வரி பாடம் நடத்திய கல்லூரி, அடையாளப் பத்திரம் சரியாகும்வரை வரவேண்டாம் என்றது. இந்த இரண்டு வருடத்தில் பதிவு அலுவலகத்தில் நான்கு முறை விசாரணை ஆகிவிட்டது. பிறப்புக்கு மங்களத்தைத் தவிர வேறு சாட்சி கேட்கிறார்கள். வருகிற நவம்பரோடு அவளுக்கு நிஜமாகவே நாற்பது முடிகிறது. இப்போது மங்களத்தின் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறாள். பட்டங்களை வாங்கியது யார் என்று மங்களத்துக்குத் தெரியும். காகிதத்தில் அதற்கு ஆள் இல்லை.

அந்த மாடி அறையில் தங்கை தந்த வாக்குமூலத்தின் நகலும் மங்களத்திடம் ஓர் உறையில் இருக்கிறது. அடியில் தமிழில், பள்ளிப்பிள்ளை எழுதியது போல ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, தினேஸ்வரி என்று இருக்கிறது. அவள் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை: 2024 மார்ச் 14, வியாழக்கிழமை.